நான்காவது வரைவு

மலையிலிருந்து புரா இறங்கியிருந்தது.
ரியேக்காவில் அந்தக் காற்றுக்கு அதுதான் பெயர்.
மூன்று நாளாகக் கப்பல் பட்டறையின் தகரங்களை
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது.
மாடியில் நான்
"டியர் ஆல்" என்று அடித்துவிட்டு
அடுத்த வரிக்குக் காத்திருந்தேன்.

இந்த ஆங்கிலம் கம்பெனி வாங்கித் தந்தது.
ஆறு வாரம், செவ்வாயும் வியாழனும்,
மால்ட்டாவிலிருந்து திரையில் வந்த ஒருத்தி
கோபத்தைக் "கவலை" என்று எழுதக் கற்றுக்கொடுத்தாள்.
"முடியாது" என்பதற்குப் பதினொரு மாற்று.
"பணம் எங்கே" என்பதற்கு
"மென்மையான ஒரு நினைவூட்டல்".
நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கினேன்.
சான்றிதழ் சுவரில் இருக்கிறது,
தீயணைப்பானுக்குப் பக்கத்தில்.

பழகிவிட்டது.
வீட்டில் குழாய் ஒழுகினபோது கணவனிடம்
"இதை உன் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்"
என்றேன்.
சிரித்தான். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

திங்கள் காலை ஒன்பது இருபதுக்கு
இரண்டாம் உலர்துறையில்
ஒரு சங்கிலி நழுவியது.
வெலிமிரின் கை அங்கே இருந்தது.

முதல் வரைவு:
வெலிமிர் ப்ரோடாரிச்சுக்கு இரண்டு விரல் போய்விட்டது.
அந்தச் சங்கிலியை மாற்றச் சொல்லி
இரண்டு முறை கேட்டிருந்தான்.
மேலாளர் சிவப்பில் ஒரே சொல் எழுதினார்: தொனி.

இரண்டாவதில் வெலிமிர் "பணியாளர் ஒருவர்" ஆனான்.
மூன்றாவதில்
சம்பவம் பதிவு செய்யப்பட்டது,
காயம் கண்டறியப்பட்டது,
பகுதி சுத்தம் செய்யப்பட்டது,
நடைமுறைகள் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.
பட்டது, பட்டது, பட்டது, பட்டன.
பட்டவனைத்தான் காணோம்.

"இதுதான் தொழில்முறை," என்றார்.
கெட்டவர் இல்லை அவர்.
மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனவர்,
உள்ளே போக முடியாமல்
படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவர்.
எங்கள் மொழியில் அழுதார்.
அதில் யாரும் தொனி திருத்தவில்லை.

அனுப்பும் பொத்தான்மேல் என் விரல்.
பத்தும் இருந்தன.
முட்டாள்தனமாக இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

பிறகு நான்காவதை எழுதினேன்.
மூன்றாவதில் எதையும் அழிக்கவில்லை,
"தங்கள் தகவலுக்காக" என்று பணிவாகத் தொடங்கி
ஒரு பெயரும் இரண்டு தேதியும் சேர்த்தேன்:
வெலிமிர் ப்ரோடாரிச்,
பிப்ரவரி ஆறு, பிப்ரவரி இருபது,
சங்கிலி குறித்து எழுத்தில்.
"மென்மையான நினைவூட்டல்கள்" என்றேன் அவற்றை.
ஆறு வாரப் படிப்பு வீண்போகவில்லை.
மேலாளரிடம் காட்டவில்லை.

ஒரு மணி நேரத்தில் பெர்கனிலிருந்து தொலைபேசி.
கப்பல்காரர்களின் ஆள், ஐவிந்த்.
நான்கு வருடமாக அவன் மின்னஞ்சல்கள்
இஸ்திரி போட்ட சட்டைகள்.
குரல் அப்படி இல்லை.
அவனுக்கும் ஆங்கிலம் இரவல் கோட்டுதான்,
கை கொஞ்சம் நீளம்.

"எந்தக் கை?"
"இடது."
"அவன் வேலை... எந்தக் கை?"
"இடது."
காற்று தகரத்தை அறைந்தது.
அவன் பக்கத்தில் மழை போலிருந்தது.
"நல்லது இல்லை," என்றான்.
"ஆமா. நல்லது இல்லை."

அந்த வகுப்பில் இதற்கு
பூஜ்ஜியம் போட்டிருப்பாள்.

மறுநாள் கடிதம்:
நேற்றைய ஆக்கபூர்வமான உரையாடலுக்கு நன்றி,
கோரப்பட்ட ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளன.
மறுபடி இஸ்திரி.
ஆனால் "கைண்ட் ரிகார்ட்ஸ்"க்கும் கீழே,
பெயர், பதவி, கம்பெனி முத்திரை,
இதை அச்சடிக்குமுன் மரங்களை நினையுங்கள்
என்பதற்கும் கீழே,
யாரும் போய்ப் பார்க்காத அந்த இடத்தில்
இலக்கணமே இல்லாமல் ஒரு கேள்வி:

வெலிமிர், தூக்கம் சரி?

"டியர்" என்று அடித்தேன். அழித்தேன்.
"தங்கள் விசாரிப்புக்கு" என்று அடித்தேன்.
அதையும்.
இல்லை என்று மட்டும் எழுதி
முற்றுப்புள்ளி வைக்காமல்
அனுப்பிவிட்டேன்