நாலு குண்டூசி

விளம்பரம் வரப்போகிறது என்று
நவம்பர் முழுக்க ஒரு விளம்பரம்.
சமாதானபுரத்தில் ஆராதனை முடிந்தும்
அதே பேச்சு:
இந்த வருசம் எந்த ஜவுளிக்கடைக்காரன்
கூடுதலா அழ வைப்பான்?

எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.
குடை பிடித்துக் கோயிலுக்குப் போகிற ஊரில்
கடை வாசலில் பனி கொட்டுகிறது,
சோப்பு நுரை.
கண்ணாடிக்கு வெளியே ஓர் ஏழைப் பையன்.
முதலாளி சட்டை கொடுக்கிறார்.
பின்னால் வயலின்.

பையன் எங்கள் தெரு எமரால்டு மகன் ஜெப்ரின்.
சட்டை இரண்டு அளவு பெரிசு.
முதுகுப் பக்கம் இழுத்து நாலு குண்டூசி;
குனிந்தால் குத்தும்.
அந்த நிமிர்வைத்தான்
"என்னா நடிப்பு வே!" என்கிறது
வண்ணார்பேட்டை வரைக்கும்.

எடுத்து முடித்ததும்
சட்டையை மடித்து வாங்கிக்கொண்டார்கள்.
விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை.
கையில் ஒரு துண்டு பிளம் கேக்.

ஆனாலும் செய்திக்கு நடுவே
அந்த வயலின் கேட்டால்
அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன்,
அவன் முகம் வரும் ஆறு நொடிக்கு.

நேற்று எமரால்டு
அதே கடையில் அதே சட்டையை
முழு விலைக்கு வாங்கி வந்தாள்,
அவன் அளவில்.
அழகாகத்தான் இருக்கிறது.
போட்டுக்கொண்டு
குனிந்து செருப்பு மாட்டுகிறான்.