வால் தட்டாமல்

பழைய பம்பரை நான் கழற்றவில்லை.
ஓலைப்பாறை ஓடைதான் கழற்றியது.
மேலே பதினாலு மூட்டை மிளகு.
பின்சக்கரம் நடுக்கல்லில் ஏறி இறங்கவும்
தகரம் கிழிகிற சத்தம்.
எட்டிப் பார்த்தால் தண்ணீருக்கடியில் என் நம்பர் பிளேட்,
அயிரைக்குஞ்சுகள் ஒவ்வோர் எழுத்தாய் முகர்ந்துகொண்டிருந்தன.

பண்ணைக்காடு பிரிவில்
பஞ்சர் கடைக்கும் கறிக்கடைக்கும் இடையில் சிக்கந்தர் பட்டறை.
என்ன கனம், என்ன விலை, ஒன்றும் பேசவில்லை அவன்.
"எங்கெங்கே தட்டுது, காட்டு."
சாக்கை விரித்து இரண்டு பேரும் வண்டிக்கடியில் மல்லாந்தோம்.
சேஸிஸ் முனையில் வெள்ளைக் கீறல்கள்:
இது கவிச்சிக்காட்டு ஏற்றம்,
இது ஆடலூர்க் குறுக்குவழி,
இது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

டீக்கடைக்கு வந்த ஃபிரிட்ஜின் அட்டைப்பெட்டி.
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்பு தரையைப் பார்க்க
அதை வெட்டி, மடித்து,
கட்டுக்கம்பியால் வண்டியின் பின்னால் கட்டினான்.
"ஓடைக்குப் போய்ட்டு வா.
கிழிஞ்சதைத் தூக்கிப் போட்டுறாதே."
வழியெல்லாம் சிரிப்பு.
மங்களங்கொம்பில் ஒருவர் கேட்டார்,
வண்டியைப் பார்சல் அனுப்புறியா என்று.

திரும்பி வந்தேன், இடதுமூலை நனைந்து தொங்க,
வலதில் கடித்த மாதிரி ஒரு பிறை.
சிக்கந்தர் அதை வெயிலில் காயவைத்தான்,
சாக்பீஸால் கிழிசலைத் தொடர்ந்தான்.
ஓடை போட்ட கோட்டுக்கு மேலே
இரண்டு விரல் தள்ளித்
தன் கோட்டைப் போட்டான்.

அப்புறம் எடைக் கணக்கு.
லாரி சேஸிஸின் சி-சேனல், ஆறு எம்எம் தகடு,
ஸ்டெப்னியைச் சுமந்து கதவுபோல் திறக்கிற கை,
அதற்கு ஆம்னி வேனின் பழைய ஹப்.
இழுக்க இரண்டு கொக்கி. டீசல் கேனுக்கு ஒரு தட்டு.
கூட்டினால் எண்பத்தாறு கிலோ.
"நடைக்கு ஒண்ணே முக்கால் மூட்டை போச்சே."
அவன் டீசல் தட்டை அடித்தான்.
நான் ஒரு கொக்கியை அடித்தேன்.
அவன் அதைத் திரும்ப எழுதினான்:
"சேற்றில் புதைஞ்சா உன் காதைப் பிடிச்சா இழுக்கிறது?"

அப்போதுதான் பவுனுத்தாய் வாய் திறந்தாள்.
ஏற்றத்தில் வண்டி பின்வாங்கினால்
குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவள்.
ஆறு வருடமாய்ப் பின்னால் தொங்கி வருகிறவள்.
விசிலடித்தால் போ. அடிக்காவிட்டால் நில்.
அட்டையோடு ஓடைக்குப் போன அன்று
அவளை நான் ஏற்றிக்கொள்ளவில்லை.
"எல்லாம் சரி. என் காலை எங்க வைக்கிறது?"

சிக்கந்தர் சாக்பீஸைக் காதில் செருகினான்.
நான் பஞ்சர் கடையைப் பார்த்தேன்.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
அட்டைமேல் ஏறி நின்றாள்.
பாதத்தைச் சுற்றிக் கோடு விழுந்தது.
கட்டை இடக்கையில், அதனால் பிடி வலப்பக்கம்.
மழையில் வழுக்காதபடி படியில் துளைகள்.
கட்டைக்கு ஒரு கூடு.
ஒரு மூட்டை கூடப் போனது. நான் கணக்குச் சொல்லவில்லை.

மூன்று நாள் மூடுபனி.
வெல்டிங் ராடெல்லாம் நமுத்துப்போய்
வெடித்து வெடித்து அணைந்தது.
கட்டுக்கட்டாய் எடுத்துப்போய்
டீக்கடை அடுப்போரம் சூடேற்றினான்,
போண்டாவுக்குப் பக்கத்தில்.
நாலாம் நாள் வெல்டு
புழு ஊர்ந்த தடம்போல் சீராய் ஓடியது.
ஜாக்கியைப் பம்பருக்கடியில் கொடுத்து
வண்டியையே தூக்கிப் பார்த்தோம்.
ஸ்பிரிங் மட்டும் முனகியது.

பெயிண்ட் காய்வதற்குள் மிளகு கூப்பிட்டுவிட்டது.
ஓலைப்பாறை. முதல் கியர்.
முன்சக்கரம், நடுக்கல், பின்சக்கரம்.
காதைப் பின்னால் வைத்துக்கொண்டு இறக்கினேன்.
தண்ணீர்தான் தடவிவிட்டுப் போனது.
அக்கரை வாழைத்தோட்டத்தில்
என் பழைய பம்பர் படலுக்கு முட்டாக நிற்கிறது,
நம்பர் பிளேட்டோடு.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி
விசிலுக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
இரும்புப் படியில் குதிகாலால் இரண்டு தட்டு:
டங், டங்.