நோக்கம்: சுற்றுப்பயணம்

படிவத்தில் ஏழாவது கூடு:
வெளிநாடு செல்வதன் நோக்கம்.
பாலமீன்மடுப் பெண்களுக்கு அதில் நான்
பதினொரு வருசமாக ஒரே சொல்லைத்தான் எழுதிவருகிறேன்.
குவைத், றியாத், டோஹா,
பேனா தானாகவே 'வீட்டு' என்று தொடங்கிவிடும்.
டிலோஜினிக்கும் தொடங்கிவிட்டது.
வெட்டி, பக்கத்தில் சின்னக் கையொப்பம் வைத்து
'சுற்றுப்பயணம்' என்று எழுதினேன்.
பிரதேச செயலகத்திலிருந்து அழைப்பு வந்தது.
எந்த ஏஜென்சி, ஜீ.எஸ்.?
இலங்கை, என்றேன்.

தொழில்: முன்வரிசை என்றாள்.
எதன் முன்வரிசை, பிள்ளை?
தள்ளுறது, சேர்.
'தனியார்' என்று போட்டுக்கொண்டேன்.
வெளிச்சவீட்டடியில் பொம்பிளைப் பிள்ளையொன்று
விடியப்புறம் டிராக்டர் டயர் உருட்டுகிறது,
பார்க்க வடிவில்லை என்று
மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு முறைப்பாடு வந்திருந்தது.
பன்னிரண்டு கையொப்பம். அதுவும் என் கோவையில்தான் கிடக்கிறது.
பிறப்புச் சான்றிதழ், இரண்டாம் பிரதி.
முதற்பிரதி எங்கே என்று
இந்தப் பிரிவில் நான் யாரையும் கேட்பதில்லை.

மூன்று ஆட்டம். கடைசி ஆட்டம் அல்மாட்டியில்,
எங்களுக்கு அரை மணித்தியாலம் பின்னால் இருக்கும் ஊர்.
சனிக்கிழமை, அலுவலக நாள்.
வாங்கு முழுக்க அஸ்வெசும மேன்முறையீடு.
போனை முத்திரைப் பெட்டியில் சாய்த்து வைத்தேன்,
சத்தத்தை நிறுத்தி.
முதலில் மலை தெரிந்தது, பனியோடு.
பிறகு எங்கள் பிள்ளைகள், தோளில் கைபோட்டு, வரிசையாக.
தேசிய கீதம்.
கமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து
பதினேழாம் இலக்கத்தில் ஒரு கணம் நின்றது.
வாய் அசைஞ்சது, என்றார் வள்ளக்காரக் கதிராமத்தம்பி.
அசையல்ல, என்றாள் செல்வமலர்.
எந்தப் பாசையில எண்டு கேட்டது யாரென்று
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
சத்தத்தைக் கூட்டியிருக்கலாம்.
கூட்டவில்லை.

விளையாட்டு எனக்கு விளங்காது.
முன்னுக்கு ஓட வேண்டும், பின்னுக்குத்தான் எறிய வேண்டும்,
எல்லாவற்றுக்கும் ஒரு விசில்.
ஸ்க்ரம் மட்டும் விளங்கியது.
எட்டுப் பேர் தோள்கொடுத்து
வள்ளத்தை மணலில் ஏற்றுவது போலத்தான்.
என்ன, மற்றப் பக்கத்திலும் எட்டுப் பேர் நின்று
அதே வள்ளத்தைக் கடலுக்குத் தள்ளுகிறார்கள்.
இதைச் சொன்னதும் கதிராமத்தம்பி
கதிரையை இழுத்துக்கொண்டு மேசையடிக்கு வந்துவிட்டார்.

நாற்பதுக்கு ஐந்து.
அறுபத்தெட்டாவது நிமிடம் அவளை இறக்கினார்கள்.
ஜேர்சியை இழுத்துவிட்டு, பல்லில் ரப்பரைக் கடித்து,
பதிந்த வாசலால் நுழைகிறவள் போலக்
குனிந்து உள்ளே போனாள்.
முதல் ஸ்க்ரம் இடிந்து விழுந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதில் எதிர்ப்பக்கத்து நீலக் காற்சட்டைகள்
அரை அடி,
இன்னும் அரை அடி பின்னுக்குப் போயின.
ஏத்து பிள்ளை, ஏத்து, என்றார் கதிராமத்தம்பி,
என் மேசையைத் தள்ளிக்கொண்டு.

டேட்டா முடிந்துவிட்டது.
வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது.
கொஞ்ச நேரம் எல்லோரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு செல்வமலர் கேட்டாள்,
சேர், என்ட பேர் ஏன் பட்டியல்ல இல்ல?

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் நாலு வரி.
நாற்பத்தேழுக்கு ஐந்து. பெயர்கள் போடவில்லை.

போன கிழமை தாயோடு வந்தாள்,
வங்கிக் கடனுக்கு வதிவிடச் சான்றிதழ் எடுக்க.
கடதாசியில் சுற்றிய ஒரு அப்பிள் கொண்டுவந்திருந்தாள்.
கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருந்தது.
அப்பிளை நாலாக வெட்டினேன்.
தாய்தான் அவளுடைய மயிரை ஒதுக்கிக் காட்டினாள்.
வலது காது
கொழுக்கட்டை மாதிரி வீங்கி மூடிக்கிடந்தது.
இனித் தோடு போட ஏலா, சேர்.
இதுக்கெண்டு முக்காப் பவுண் வச்சிருந்தநான்.

அங்க அடையாளம் என்ற கூட்டுக்கு வந்திருந்தேன்.
பழைய பதிவில் 'நாடியில் மச்சம்' என்று இருந்தது.
அதன்மேல் பேனாவை வைத்தேன்.
இப்ப மாத்தாதீங்க சேர், என்றாள் டிலோஜினி,
வாயில் அப்பிளோடு.
சித்திரையில திரும்பப் போறம்.
மற்றக் காதும் இரிக்கி.