தொடாதே

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் தாண்டி
மணலி போகும் ரோட்டில் எங்கள் கேட்.
நான் சேர்ந்தபோது பதினோரு கம்ப்யூட்டர், ஒரே கிடங்கு.
இப்போது நாலு கிடங்கு, இருநூற்றுச் சொச்சம் ஆட்கள்,
போன தீபாவளி ஸ்வீட் பாக்ஸில் பிஸ்தா இருந்தது.
கம்பெனி வளர்வதை நான் அப்படித்தான் கண்டுகொண்டேன்.
அல்லது
மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கும் இடத்துக்கு
ஆளுயர இரும்பு ரேக் வந்ததை வைத்து.
துடைப்பமும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

விசிட்டிங் கார்டில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் இன்ஜினியர்.
எர்ணாவூரில் 'பாலம் கட்றியாப்பா?' என்கிறார்கள்.
ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.
ஒன்றும் நடக்காத மாதங்களில்
இந்த ஆள் என்னதான் செய்கிறார் என்று
முதலாளி தாஜுதீன் அக்கவுண்ட்ஸில் கேட்பாராம்.
நடந்த மாதங்களில் என்னிடமே கேட்பார்.

கடல் மூன்று கிலோமீட்டர். உப்பு நடந்தே வந்துவிடுகிறது.
செம்பு முனைகளில் பச்சை பூக்கிறது.
எலிகளுக்கு நீலக் கேபிள்தான் பிடிக்கும் என்று
எல்லாவற்றையும் மஞ்சளாக மாற்றினேன்.
அதையும் பழகிக்கொண்டன.

ரேக்குக்கு வெளியே, தரையில், ஒரு செங்கல்லின்மேல்
பழைய பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.
மாஸ்கிங் டேப்பில் டொமினிக்கின் கையெழுத்து: தொடாதே.
ஏன் என்று எழுதவில்லை.
திரை இல்லை, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.
டொமினிக் வேலையை விட்டு மஸ்கட் போய்விட்டார்.
வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு
ஒட்டகத்தோடு நிற்கும் படம் அனுப்பினார்.

ஒரு வெள்ளி இரவு பிளக்கைப் பிடுங்கினேன்.
எங்கள் தொழிலில் இதற்கு முறை உண்டு:
பிடுங்கு, காத்திரு, யார் அலறுகிறார்கள் பார்.

சனி. யாரும் அலறவில்லை.
ஞாயிறு நெத்திலிக் குழம்பு, சோற்றுத் தட்டுப் பக்கத்தில் போன்.
செவ்வாய் வரைக்கும் ஒன்றுமில்லை,
செங்கல்லை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

புதன் விடியலில் கொஞ்ச நேரம் கரண்ட் போய் வந்தது.
எடைமேடையிலிருந்து கோமளவல்லி கூப்பிட்டாள்:
'சார், எடை கரெக்டாதான் வருது.
தேதிதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது,
ஜனவரி ஒண்ணு, காலைல அஞ்சே முக்கால்.'

நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள்
டிரெய்லர்கள் கேட்டிலிருந்து பின்னோக்கி வளர்ந்து
எக்ஸ்பிரஸ் சாலையைத் தொட்டிருந்தன.
பன்னிரண்டு மணிக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டிய சரக்கு.
சீட்டைக் காற்றில் ஆட்டினார் ஒரு டிரைவர்:
'எழுபதுல எங்க அப்பனுக்கே கல்யாணம் ஆகல.
நான் எப்டி சார் லோடு ஏத்துனேன்?'
கஸ்டம்ஸ் ஆள் சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
கேட்பவர்களுக்கு மணி சொல்லிக்கொண்டிருந்தது.
எடைமேடைக்குள் இருந்த பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது.
கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது கேட்கும், இது சொல்லும்,
இத்தனை வருடமாக, யாருக்கும் தெரியாமல்.
புதன்கிழமை அது கேட்டபோது பதில் இல்லை.
தனக்குத் தெரிந்த முதல் நாளுக்குப் போய்விட்டது.

பிளக்கைச் செருகினேன்.
விசிறி இருமி, தயங்கி, சுற்றியது.
கொஞ்ச நேரத்தில் சீட்டுக்கு இந்த வருடம் வந்தது.
நாற்பத்தேழு பழைய சீட்டிலும் கேன்சல் என்று எழுதி
ரப்பர் பேண்ட் போட்டாள் கோமளவல்லி.

'என்னாச்சு?' என்றார் முதலாளி.
'நேரம் சரியில்ல பாய்.'
'எல்லாருக்கும் அப்படித்தான் போவுது' என்று
டீசல் விலையைத் திட்டிக்கொண்டே காரில் ஏறினார்.

முப்பது ரூபாய் பேட்டரி வாங்கி எடைமேடையில் போட்டேன்.
இனிமேல் மணியைப் புது சர்வரிடம் கேட்கச் சொல்லிவிட்டேன்.
இப்போது அந்தப் பெட்டியை அணைத்துவிடலாம்.
அணைக்கவில்லை. செங்கல்லைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

டேப்பில், தொடாதே என்பதற்குக் கீழே இடமிருந்தது.
மார்க்கரால் எழுதினேன்:
மணி சொல்கிறது. வேறென்ன செய்கிறது, தெரியாது.
தேதி போடும்முன்
ஒருமுறை வாட்ச்சைப் பார்த்துக்கொண்டேன்.