சீல் பிரிக்காத தட்டு

குன்னூர் ஏலத்துக்கு முந்தைய நாள்
நூற்றிருபது கோப்பை
உறிஞ்சித் துப்புகிறவள் நான்.
பெட்போர்டு கடையில் ஜெரால்டு
பிரிக்க மாட்டேன் என்கிறார்.
"பிரிச்சா உங்களுது, மேடம்."

கையில் எடை பார்த்தேன்.
அட்டை விளிம்பைக் கண்மட்டத்தில் நிறுத்தி
வளைவு தேடினேன்.
மினுங்கும் உறைமேல் என் மூக்கு.

அதே இசை, அவருடைய பிரதி, ஓடிக்கொண்டிருந்தது.
பாட்டை விட்டுவிட்டு
இரண்டு பாட்டுக்கு நடுவே கிடக்கும்
சும்மாவைக் கேட்டேன்.
பொரிந்தது.
"ஊசியைத் தூக்குங்க."
தூக்கினார்.
அப்போதும் பொரிந்தது,
தகரத்தில் தூறல்.

சிரித்துவிட்டோம்.
ஆயிரத்து எண்ணூறு கொடுத்தேன்.

வீட்டில்,
முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டில்
ஒவ்வொரு 'ஸ'வும் சீறுகிறது.
நாக்கில் பட்டால்
தொட்டியில் துப்பியிருப்பேன்.
காதில் விழுந்ததை
எங்கே?