துணைக்கால்

நாலரைக்கு எலார்ம் அடிக்கும் முன்னே
செனட்டர் கதவை உதைப்பான்.
எனக்கு வாய்த்த சேவல் அவன்தான்.

ஜேர்சிக்கு மேல் ஜேர்சி, அதற்கு மேல் அண்ணனின் ரெயின்கோட்.
பனி உறைந்த புல் சப்பாத்தடியில் நொறுங்குகிறது.
சாணி அள்ளி, குளம்பு சுரண்டி,
கந்தப்பளையில் கழித்த கரட்டில் அரை மூடை பிரித்துப் போட்டு,
ஆளுக்கு அரை மணி ஓட்டி,
எட்டரைக்கு வங்கிக் கவுண்டரில் இருக்க வேண்டும்.
அடகு நகை நிறுக்கும் கையில்
குதிரை வாசம் வருவதாக
மனேஜர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

நான் பிறந்தது லயத்தில்.
இப்போது கூட்டிப் பெருக்குவது லாயத்தை.
எழுத்தில் பார்த்தால் நடுவே ஒரு துணைக்கால்தான்.
அந்தக் காலை வாங்கப்
பதினோரு வருஷச் சீட்டுக்காசு போனது.
வாங்கிய பிறகு எண்ணினால் கால் எட்டு.
எட்டிலும் லாடம் தேயும்.
லாடக்காரர் தியத்தலாவையிலிருந்து வர வேண்டும்,
மழையென்றால் வரமாட்டார்.
நுவரெலியாவில் எப்போது மழை இல்லை?

செனட்டர் பந்தயத்தில் கழிபட்டவன்.
ஓடு என்றால் ஓடுவான், நில் என்றாலும் ஓடுவான்.
பட்டாணி, ஏரிக்கரையில்
சுற்றுலாப் பிள்ளைகளைச் சுமந்து
ஐம்பது யார் போய்த் திரும்பிப் பழகியவள்.
இன்றைக்கும் ஐம்பதாவது யாரில்
தானாகவே திரும்பப் பார்ப்பாள்.
இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான்
உட்காரப் பழகினேன்.
விழுந்தது பதினாலு தடவை.
அதில் ஒன்று பியசோமவின் லீக்ஸ் பாத்திக்குள்.
அவர் முதலில் லீக்ஸை எண்ணினார்,
பிறகுதான் என் பக்கம் வந்தார்.

ஏப்ரலில் போட்டி.
தொடக்கநிலைத் தாண்டல், எழுபது சென்டிமீட்டர்.
கொழும்புக் குதிரைகள் லொறியில் வந்து இறங்கின.
எங்களுடையவை நடந்தே வந்தன.
அந்தப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது இருக்கும்,
வெள்ளைக் காற்சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.
எனக்கு நாற்பத்தொன்று. கோட்டு இரவல்.
ஒலிபெருக்கி "தவமலர்" என்பதை
மூன்று துண்டாக்கிக் கூப்பிட்டது.
வேலிக்கு வெளியே, அரைநாள் பேரோடு ஓடிவந்த
சித்தி மகள் ரெஜினா
"அடியே, இறுக்கிப் பிடி!" என்று கத்தினாள்.

முதல் தடை போனது.
இரண்டாவதில் குளம்பு தட்டியும் கட்டை விழவில்லை.
மூன்றாவது நீலம்.
கட்டை நீலம், அடியில் படுத்துக்கிடந்த பீப்பாய்களும் நீலம்.
நின்றான்.
சுற்றிக்கொண்டு வந்தேன்.
நின்றான்.
இன்னொரு முறை.
மணி அடித்தது. நன்றி என்றார்கள்.

பீப்பாயைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன்,
அந்த நிறத்தைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன்.
வெளியே வந்து சேணத்திலிருந்து இறங்கியபோதுதான்
நெஞ்சுக்குள் கிடந்த காற்று பெரிதாக வெளியேறியது.
எப்போது உள்ளே போனதோ!

அவன் காலை நிறுத்தியது
நான் மூச்சை நிறுத்திய இடத்தில்.

பின்னேரம் பட்டாணி.
மூச்சு நிற்காமலிருக்க
வாய்விட்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போனேன்.
ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு,
நீலம் இருபத்தெட்டில் வந்தது.
தாண்டிய பிறகே தாண்டியது தெரிந்தது.
நடுவர் மேசையில் யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும்.
கடைசித் தடைக்கு முன் அவளுக்கு
ஐம்பது யார் ஞாபகம் வந்துவிட்டது.
ஏரிப் பக்கம் திரும்பி நின்று
போகலாமா என்பது போல் காதை ஆட்டினாள்.
கெஞ்சிக் கொண்டுவந்தேன்.
ஐந்து பேரில் நாலாம் இடம்.

அந்த நாடாவில் பாதியை
இராத்திரியே செனட்டர் தின்றுவிட்டான்.
மீதி வங்கியில், நிறுவைத் தராசுக்குப் பின்னால் தொங்குகிறது.

பியசோமவிடம் கேட்டு ஒரு நீலப் பீப்பாய் வாங்கி
முற்றத்தில் உருட்டிவிட்டிருக்கிறேன்.
கரட் இனி அதன் மேல்தான்.
நாலு காலையும் தூரத்தில் ஊன்றிக்கொண்டு
கழுத்தை மட்டும் நீட்டித் தின்கிறான்.
நேற்றைக்கு இன்றைக்கு
ஒரு சாண் கிட்ட வந்திருப்பான் போலிருக்கிறது.
அளக்கவில்லை.
எட்டே கால் ஆகிவிட்டது.