பிணைக் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு
லோன்காரப் பெடியன் வருவான்.
அதற்குள் ஓம் அல்லது இல்லை.
கொலஸ்ரிக்கா திங்கள் பின்னேரமே வந்து
படிவத்தைத் தையல் மெசின்மேல் வைத்து
பறக்காமல் என் கத்தரிக்கோலை அதற்குமேல் வைத்துவிட்டுப் போனாள்.
"ஒரு கையெழுத்துத்தானேயக்கா."

ஒரு கையெழுத்துத்தான்.
மரியமெற்றில்டா, எட்டு எழுத்து.
இதைவிடச் சின்னக் கீறலுக்கு
முகாமில் அரிசியும் பருப்பும் தந்தார்கள்.

இரவு செபமாலை முடிந்ததும்
ஆண்டவரே ஒரு அடையாளம் தாரும் என்றேன்.
பல்லி சொன்னது. நான் பல்லியைக் கேட்கவில்லை.
கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரலை வைத்தேன்:
யாரோ யாரையோ பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான்,
பக்கம் முழுக்கப் பிள்ளைப்பேறு.
அயலவனுக்குப் பிணை நின்று மாட்டிக்கொள்ளாதே என்று
அதற்குள் எங்கேயோ இருக்கிறது.
கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதே என்றும் இருக்கிறது.
இரண்டும் ஒரே அட்டைக்குள்.

அடையாளம் வராத வீட்டில்
கல்குலேற்றர் இருந்தது.

மாதா படம் போட்ட கலண்டரில்
போன மாதத் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
கிழமைக்கு நாலாயிரத்து அறுநூற்றைம்பது,
ஐம்பத்திரண்டு கிழமை.
அவளுடைய முட்டையையும் பாலையும் கூட்டினேன்.
சில்வெஸ்ரர் கம்பி கட்டப் போகிற நாட்களைக் கூட்டினேன்,
குடிக்காத நாட்களையும், தாராளமாகவே.
அப்படியும் கிழமைக்கு ஆயிரத்து நானூறு இடித்தது.
அந்த ஆயிரத்து நானூறு யார்?
நான்தான். என் மகனுடைய ரியூசன் காசு.

வயலில் வெட்டு மெசின் விடியும்வரை இரைந்தது.
அப்போதுதான் உறைத்தது:
கடன் எதற்கென்று நான் அவளைக் கேட்கவேயில்லை.
கடவுளிடம் அத்தனை கேள்வி,
வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

பனி கலையமுதல்
கிளுவைப் பொட்டுக்குள்ளால் போனேன்.
பால் கறந்துகொண்டிருந்தாள்.
"பழைய லோனுக்கு எண்பது" என்றாள், மாட்டிடம்.
"மிச்சம் நிலானிக்குச் சாமத்தியவீடு.
மண்டபம், வீடியோ. எல்லாரும் செய்யினம்."

இல்லை என்ற சொல்லை
இரவு முழுக்கப் பின்வளமாகத் தைத்துத் தைத்துப் பழகியிருந்தேன்.
வாயில் வரும்போது நூல் அறுந்தது.
"நான் கையெழுத்து வைக்கேல்லை.
பிள்ளைக்குச் சட்டை நான் தைக்கிறன், துணியும் என்ர.
வியாழன் ரெண்டு பேரும் கிளிநொச்சிக்குப் போய்
பழைய ஒப்பீசில தவணை கேட்பம்."

"உங்களிட்டச் சட்டையே கேட்டனான்?"

வாளியில் நுரை அடங்கும் சத்தம்கூடக் கேட்டது.

பெடியன் வந்தான், ஹெல்மெற் கழற்றவில்லை.
படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
கத்தரிக்கோலின் எண்ணெய்க்கறை மட்டும் அதில் இருந்தது,
கையெழுத்து வைக்கிற இடத்துக்கு ஒரு விரல் தள்ளி.

சரியானதைச் செய்தால் நெஞ்சு லேசாகும் என்பார்கள்.
எனக்குச் சோறு இறங்கவில்லை.
வியாழன் முரசுமோட்டைச் சந்தியில் நின்றேன்.
புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பஸ் வந்து போனது.
இன்னொன்று வந்து போனது.
கொண்டக்டர் என்னைப் பார்த்தான். நான் ஏறவில்லை,
அவளில்லாமல் அங்கே யாருக்காகக் கெஞ்ச?

ஞாயிறு பூசையில்
ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம்.
வலப்பக்கம் கும்பிட்டேன். பின்பக்கம் கும்பிட்டேன்.
நடுவழிக்கு அப்பால், மூன்றாம் வாங்கில், அவள்.
கைகளைக் குவித்தாள்,
கண் என் தோளுக்கு மேலால் யன்னலில் நின்றது.
அது எனக்கா, யன்னலுக்கா.
நான் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் நிலானி
போன வருடச் சட்டையில், கைகளை இறுக்கிப் பிடித்தபடி.
யாரும் கேட்கவில்லை.
என் கண் தன்பாட்டில் அளந்தது:
தோள் பதின்மூன்றரை,
கைக்குக் கொஞ்சம் கூட விடவேணும்,
வளருகிற பிள்ளை.